ஆறிப்போன தட்டும் சொல்லாமல் விட்ட தாலாட்டும்

வாசகர் கேள்வி

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு வயது 38. காத்ர் போர்ன் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு மாணவர்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, என் அத்தை மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் கணவருக்குக் காய்ச்சலாம். கடற்கரை உணவகம் ஒன்றில் இருவருக்குச் சொல்லி வைத்திருந்த இடம் வீணாகப் போகிறதாம். பத்தே நிமிடத்தில் காரோடு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்று அங்கே செகா என்னும் நம் தீவின் பாட்டை யார் பாடப்போகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியாது. லெ மோர்ன் மலைக்குச் சற்று இப்பால் உள்ள அந்த இடத்தில், சவுக்கு மரத்தடியில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராவான் என்னும் தோல் மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. என் அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் ஒலித்த குரல் அவருடையது. அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் வரும் 'அலா லி லா' என்ற வரியோடு 'ஆராரோ ஆரிரரோ' என்று சேர்த்துப் பாடித்தான் அப்பா எங்களைத் தூங்க வைப்பார்.

பாடி முடித்து அவர் சாப்பிட உட்கார்ந்தார். நான் பொறுக்க முடியாமல் எழுந்து போய், 'நான் உங்கள் தீவிர ரசிகை, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டேன். கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, விரல்களைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். என்னைப் பார்த்து மற்ற மேசைக்காரர்களும் வரிசையாக வந்துவிட்டார்கள். அவர் மறுபடி உட்கார்ந்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ஆறிய மீனை அவர் பிட்டுத் தின்றதை மறக்க முடியவில்லை. படத்திலும் அவர் பார்வை தட்டின் மேல்தான் இருக்கிறது. அப்பாவைப் பற்றி ஒரு சொல்கூட நான் சொல்லவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? அத்தை மகள் அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போடப்போகிறேன் என்கிறாள், விடலாமா? கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனாலும் என் மாமியார், 'கோவிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவள் நடுராத்திரியில் செகா கேட்கப் போகலாமா?' என்று கேட்டு இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கணவரும் வாய் திறக்கவில்லை. என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை, மொரீஷியஸ்

பதில்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறிப்போன மீனைப் பற்றி ஐந்து வரி எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் தாலாட்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில்தான் நீங்கள் செய்ய வேண்டியது முழுவதும் இருக்கிறது என்று எனக்குப் படுவதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் அண்ணன் முப்பது ஆண்டுக் காலம் கல்யாணக் கச்சேரிகளில் பாடியவர். இந்தத் தீவில் அவர் பாடாத கல்யாண மண்டபம் குறைவு. ஆகவே, பாடி முடித்த மனிதர் வீட்டுக்குள் எப்படி நுழைவார் என்பதைச் சிறு வயதிலிருந்தே பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். மூன்று மணி நேரம் பாடியவருக்கு முதலில் வேண்டியது வெந்நீர். அடுத்தது, பேசாமல் உட்கார்ந்திருக்க ஒரு கால் மணி நேரம். அதன் பிறகுதான் சோறு. சட்டையின் காலர் வியர்வையில் ஊறி இருக்கும். வாயைத் திறந்தால் குரல் பாதிதான் வரும். அந்த நேரத்தில் வந்து கையைப் பிடிப்பவர்களிடம் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அண்ணி தட்டை மூடி வைத்திருப்பதை ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சிரிப்பார். நீங்கள் அன்று கண்டதும் அதே பார்வைதான். ஆகவே உங்கள் வருத்தம் வீணான வருத்தம் அல்ல. சாப்பிடுகிற மனிதரை எழுப்பக் கூடாது என்பது நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த ஒழுங்கு, அதை நீங்கள் ஓர் ஆர்வத்தில் மறந்துவிட்டீர்கள். எனினும், பல பத்து ஆண்டுகளாகப் பாடிவரும் அந்தப் பெரியவர் ஆறிய தட்டு காணாதவராக இருக்க முடியாது. நீங்கள் இரண்டு வாரமாகச் சுமப்பதை அவர் அன்று இரவு வீடு போய்ச் சேருமுன்பே இறக்கி வைத்திருப்பார்.

அதே அண்ணன் வீட்டுக்கு வந்து எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தவை என்னென்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். 'பிரமாதம்', 'அருமை' என்று சொன்னவர்களில் ஒருவரைப் பற்றிக்கூட அவர் வீட்டில் பேசி நான் கேட்டதில்லை. தெற்கே காம் தியாப்லில் ஒரு கல்யாணத்தில், பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ஒரு வயதான அம்மா வந்து, 'தம்பி, இரண்டாவது சரணத்தில் "அம்மா" என்கிற இடத்தை இன்றைக்கு ஏன் அவ்வளவு நீட்டினாய்? போன தடவை அப்படிப் பாடவில்லையே!' என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணனுக்குக் கண் கலங்கும். ஏனென்றால் அந்த வாரம்தான் எங்கள் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். தான் அறியாமலே தன் குரலில் வந்ததை ஓர் ஆள் காதில் வாங்கியிருக்கிறாள் என்பது அவருக்கு எந்த மாலையையும்விடப் பெரிதாக இருந்தது.

'நான் உங்கள் தீவிர ரசிகை' என்று சொன்னால், கேட்பவர் நன்றி சொல்வதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? அந்தச் சொல்லில் அவர் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. உங்களிடமோ அவருக்குக் கொடுக்க வேறொன்று இருக்கிறது. 'அலா லி லா' என்றால் 'இதோ, வந்துவிட்டானே' என்று பொருள். நம் தீவில் பிறந்த ஒவ்வொருவர் வாயிலும் நாள்தோறும் புழங்குகிற சாதாரணக் கிரியோல் சொற்கள். அந்தச் சொற்களின் ஓசையில் தாலாட்டைக் கண்டுபிடித்து, அதன் வாலில் 'ஆராரோ ஆரிரரோ' என்று தமிழைக் கட்டி, தன் பிள்ளைகளைத் தூங்க வைத்தார் உங்கள் அப்பா. ஆட்டத்துக்காகப் பாடிய பாட்டு ஒரு தமிழ் வீட்டில் தூளிப் பாட்டாக ஆகியிருக்கிறது என்பது அந்தப் பாடகருக்கு இன்று வரை தெரியாது. வாரக் கடைசிகளில் உணவகத்திலும் ஹோட்டல் முற்றத்திலும் வெளிநாட்டுப் பயணிகள் முன்னால் பாடி, அவர்கள் கைதட்டுவதைக் கேட்டு வீடு திரும்புகிற ஒருவருக்கு, தன் பாட்டு யார் வீட்டு அடுக்களையில், எந்த ஞாயிற்றுக்கிழமையில், எந்தக் குழந்தையின் காதில் வாழ்ந்தது என்று நாம் போய்ச் சொன்னால் அல்லாமல் தெரிய வழியே இல்லை. அப்பா இன்று இல்லாத நிலையில், அதை அவரிடம் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

ஆகையால் மன்னிப்புக் கேட்பதற்காகப் போகாதீர்கள். நீண்ட மன்னிப்பு, கேட்கிறவர் மேல் ஒரு வேலையைச் சுமத்திவிடும். 'பரவாயில்லை அம்மா, பரவாயில்லை' என்று அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். சொல்லத்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், 'அன்று உங்கள் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டேன்' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டு, அப்பாவின் கதைக்குப் போய்விடுங்கள்.

எப்படிப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் உணவகத்துக்குத் தொலைபேசி செய்து, அவர் அடுத்து எந்த நாளில் பாட வருகிறார், எத்தனை மணிக்கு வந்து சேர்வார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாடி முடிந்த பிறகு போகாதீர்கள். பாடத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். கடற்காற்றின் ஈரத்தில் ராவானின் ஆட்டுத்தோல் தொய்ந்துவிடும் என்பதால், பாடுகிறவர்கள் வெகு முன்னதாகவே வந்து நெருப்பு மூட்டிவிடுவார்கள். காய்ந்த ஓலை சடசடவென்று எரியும். மேளத்தை அனலுக்குச் சாய்த்துப் பிடித்து, சற்றுத் திருப்பி, விரல் நுனியால் தட்டிக் காதில் கேட்டு, மறுபடி சாய்ப்பார்கள். மந்தமாகத் தொம்மென்று இருந்த ஒலி மெல்ல மெல்ல ஏறி, ஒரு கட்டத்தில் கணீரென்று வரும். கை வேலையாக இருக்கும், வாயும் மனமும் ஓய்வாக இருக்கும். ஒரு பெரியவரிடம் பேசுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

வெறுங்கையோடு போக வேண்டாம். வீட்டில் செய்த காத்தோ பத்தாத் பத்துப் பன்னிரண்டு டப்பாவில் எடுத்துப் போங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேங்காயும் சேர்ந்த அந்தப் பலகாரம் எல்லாருக்கும் பிடிக்கும், ஆறினாலும் கெடாது. 'தோந்தோன்', அதாவது மாமா என்று முறை வைத்துக் கூப்பிடுங்கள். பிரெஞ்சில் பேசாதீர்கள், நீங்கள் படித்தவர் என்பதால் மரியாதைக்காக நாக்கு அந்தப் பக்கம் போகும், ஆனால் அவர் பாடுகிற மொழி கிரியோல், உங்கள் அப்பா அவரைக் கேட்டதும் கிரியோலில்தான். அந்தத் தாலாட்டு வரியை மட்டும் அப்பா பாடியதுபோல் பாடிக் காட்டுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் கூட்டிக்கொண்டு போவது மிக நல்லது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். அவர் நெகிழ்ந்து போவார், கட்டிப்பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போகவும் வேண்டாம். கூச்சமுள்ள மனிதராக இருந்தால் 'ஆ, வி' (ஆமாம்) என்று தலையை ஆட்டிவிட்டு மேளத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். உங்களை அவருக்கு நினைவில்லாமலும் இருக்கலாம். அதனால் நீங்கள் கொடுத்தது குறைந்துவிடாது. என் அண்ணனும் அந்த அம்மாவிடம் அன்று ஒன்றும் பேசாமல் தலையைத்தான் ஆட்டினார்.

படத்தைப் பற்றி. அதைப் பேஸ்புக்கில் போட வேண்டாம் என்று அத்தை மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நடுச் சாப்பாட்டில் எழுப்பப்பட்டு, களைத்த முகத்தோடு நிற்கிற ஒரு முதியவரின் படம் அது. அவர் சம்மதிக்காமல் அதை ஊருக்குக் காட்டுவது முறையல்ல. அடுத்த முறை போகும்போது கேட்டு, அவர் சரி என்றால், மேளத்தோடு உட்கார்ந்திருக்கும்போது ஒன்று எடுத்து அதைப் போடலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது அடுத்து உங்களுக்கே தோன்றக்கூடும்: அப்பாவின் கேசட்டைக் கணினியில் ஏற்றி, பாட்டை இணையத்தில் போட்டு விடாதீர்கள். அன்பால்தான் பலரும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பாட்டு பாடியவருக்கும் எழுதியவருக்கும் சொந்தமானது. நம் நாட்டின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வீட்டில் நீங்கள் கேட்பதற்காகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இனி உங்கள் மாமியார். அவர் கேட்டது ஒரே கேள்விபோல் இருந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, இரவு. கணவரிடம் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொன்னதாக எழுதவில்லை. வாசலில் கார் வந்து நின்றது, மருமகள் போனாள், எங்கே என்று தெரியாது, நடுராத்திரி வரை வரவில்லை என்றால் எந்த மூத்தவளுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அதற்கு மட்டும் அவரிடம் நேரில், 'அத்தை, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்' என்று சொல்லுங்கள். இது சரணாகதி ஆகாது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் மரியாதை.

இரண்டாவது, செகா. இதில் நான் உங்கள் பக்கம், முழு மனத்தோடு. செகாவைத் தாழ்வாகப் பார்க்கிற வழக்கம் உங்கள் மாமியார் தானாக உண்டாக்கிக்கொண்டது அல்ல. அவர் வளர்ந்த காலத்தில் இந்தத் தீவின் பெரிய மனிதர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் பகல் முழுவதும் உழைத்துவிட்டு இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடிய பாட்டு அது. அதனாலேயே அதை வீட்டுக்குள் விடாமல் வைத்திருந்தார்கள். 1964-இல் இதே லெ மோர்ன் அடிவாரத்தில் நடந்த செகா இரவில் தி ஃப்ரேர் என்ற பாடகரைச் 'செகா மன்னர்' என்று பட்டம் கட்டிப் பெருமைப்படுத்தியபோது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது. 1900-இல் பிறந்த அந்த மனிதர் 1992-இல் மறையும் வரை ராவானை விடவில்லை. 2014-இல் யுனெஸ்கோ மொரீஷியஸின் மரபுச் செகாவை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் மாமியாரின் ஆயுளுக்குள் நடந்த மாற்றம் இது. மனம் அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. அதற்காக அவரைக் கோபிக்காதீர்கள்.

நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய தோல் மேளம் நமக்கும் அந்நியமானது இல்லையே! தமிழ்நாட்டில் பறை அடிக்கிறவர்கள் இன்றைக்கும் வைக்கோலை மூட்டி அனல் காட்டித்தான் தோலை இறுக்குகிறார்கள். அந்தப் பறையையும் ஒதுக்கி, அதை அடித்தவர்களையும் ஊருக்கு வெளியே நிறுத்திய பாவம் நம் வரலாற்றில் உண்டு. அதைச் செய்தவர்களின் வழிவந்த நாம் இன்னொரு மக்களின் மேளத்தைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. 1735-இல் பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே இந்தத் தீவுக்கு ஆளுநராக வந்த காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம் கொத்தர்களும் தச்சர்களும் தலைநகர் போர்ட் லூயியைக் கட்டியபோது, பக்கத்தில் கல் சுமந்தவர்கள் அந்த அடிமைகள்தான். அடிமை முறை ஒழிந்த 1835 பிப்ரவரி 1-ஐ நாம் அரசு விடுமுறையாகக் கொண்டாடுகிறோம். தைப்பூசக் காவடியும் இங்கே அரசு விடுமுறை. 2026-இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன.

இதையெல்லாம் மாமியாரிடம் சொற்பொழிவாகச் சொல்லாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். வகுப்பில் சொல்லுங்கள், பறையும் ராவானும் எப்படிக் காய்ச்சப்படுகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களைவிடத் தகுதியானவர் யார்? நீங்கள் செகா கேட்கப் போனதை மாணவர்களிடம் மறைக்க வேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை. மாமியாரிடம் அப்பாவின் தாலாட்டை மட்டும் சொல்லுங்கள். சம்பந்தியைத் தெரிந்தவர் அவர். உங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை எப்படி இருப்பார் என்பதை அவர் எங்கே அறிந்திருக்கப் போகிறார்? இறந்துபோன சம்பந்தியின் குரலைக் கேட்கத்தான் மருமகள் அன்று போனாள் என்று தெரிந்தால், தேவாரத்துக்கும் செகாவுக்கும் நடுவே அவர் போட்ட கோடு கொஞ்சமாவது அழியும் என்று நம்புகிறேன். உடனே அழியாவிட்டாலும் கேசட்டை அவர் காது கேட்கிற இடத்தில் போடுங்கள், வாதம் வேண்டாம்.

உங்கள் கணவருக்கு இதைக் காட்டுங்கள். தம்பி, 'என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்' என்ற ஒரு வாக்கியத்தை நீங்கள் முதல் நாளே உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தால் இந்த இரண்டு வாரம் இப்படிக் கழிந்திருக்காது. இன்று இரவுச் சாப்பாட்டில் சொல்லுங்கள்.

கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை, மகளே. பழைய நாடா, நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். நல்ல நிலையில் இயங்கும் கருவி வைத்திருப்பவரைத் தேடிப் பிரதி எடுத்த பிறகு, நாடாவை வீட்டிலேயே உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, வெறும் உறையை மட்டும் கடற்கரைக்கு எடுத்துப் போங்கள். அந்தப் பாட்டு எந்த ஆண்டு, எந்த அறையில், யார் யார் கூட இருந்து பதிவானது என்று, உறையைக் கையில் பார்த்தால் அவருக்கு நினைவு வரலாம். வந்தால், நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.